குளிசையா, அயடீனா, ஒப்பரேஷனா: தைரொயிட் கூடினவர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அண்ணனின் மகள் லேப் என்வெலப்போடு வந்து நின்றாள். வயது 26. ஆவணியில் கல்யாணம். ரிப்போட்டில் டிஎஸ்எச், அதாவது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைச் சுரக்கச் சொல்கிற கட்டளை, 0.01ஐ விடக் குறைவு. தைரொயிட் சுரக்கிற ஹோர்மோனான ஃப்ரீ டி4 இருக்கவேண்டிய உச்ச அளவைப்போல இரண்டு மடங்கு. "மாமி, உங்களுக்கும் இதுதானே? குளிசை, கதிர் அயடீன், ஒப்பரேஷன் எண்டு டொக்டர் மூண்டு சொன்னவர். இதுல எது நல்லம்?"

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அலுமாரியில் இருந்து என் கிளினிக் கொப்பிகளை எடுத்து வந்தேன். 2021 தையில் தொடங்கியது. முதல் கொப்பி முடிந்து இரண்டாவதும் பாதிக்கு வந்துவிட்டது. நான் டொக்டர் இல்லை, பாடசாலையில் படிப்பிக்கிறவள். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் குளிசையின் அளவை மாற்றவேண்டாம். ஆனால் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அதை எழுதிவைத்தால் அவளுக்கும் உதவும், இன்னும் நாலு பேருக்கும் உதவும்.

சூடு தாங்காது, வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், வடிவாகச் சாப்பிட்டாலும் மெலியும், கை நடுங்கும் என்றுதான் இந்த வருத்தத்தைப் பற்றி எல்லா இடமும் எழுதியிருக்கும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு முதல் இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது? கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் வேர்க்காத ஆள் யார்? எனக்கு அது பிடிபட்டதே மார்கழியில்தான். வெளியே அடைமழை, வீட்டில் எல்லோரும் போர்வைக்குள், நான் மட்டும் ஃபானை ஐந்தில் விட்டுப் படுத்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் கிளினிக் போனேன். டொக்டர் விரல்களை நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தார். தாள் காற்றில்லாமலே சலசலத்தது. கரும்பலகையில் என் எழுத்து ஆடுகிறது என்று பிள்ளைகள் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

மருமகளிடம் நான் முதலில் கேட்டது, முடிக்கு ஏதாவது குடிக்கிறாயா என்று. தைரொயிட் கூடினால் முடி கொட்டும். கல்யாணப் பெண்ணுக்கு முடி கொட்டினால் சும்மா இருப்பாளா? பயோட்டின் குளிசை, 10 மில்லிகிராம், தினமும் ஒன்று என்று ஒன்றரை மாதமாகக் குடித்திருக்கிறாள். இந்த பயோட்டின் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, லேப் மெஷினைத்தான் ஏமாற்றும். பல மெஷின்களில் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் ஃப்ரீ டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். தைரொயிட்டைக் கூடவைக்கிற கிரேவ்ஸ் நோயைக் காட்டும் பிறபொருளெதிரிப் பரிசோதனையைக்கூட சில மெஷின்களில் பொய்யாக 'இருக்கு' என்று சொல்லவைக்கும். ஆள் நல்ல சுகத்தோடு இருக்க, கடதாசியில் முழு வியாதி வந்துவிடும். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு இரத்தம் எடுக்கவேண்டும். நாங்கள் ஒரு கிழமை நிறுத்திவிட்டு எடுத்தோம். அவளுடையது உண்மையாகவே கூடித்தான் இருந்தது. பிறபொருளெதிரியும் இருந்தது. அந்த மாதிரி கொழும்புக்குப் போய்த் திரும்பிவர நாலு நாள் எடுத்தது.

அந்தப் பிறபொருளெதிரிப் பரிசோதனையை டொக்டர்கள் 'ட்ராப்' என்பார்கள். வெளியில் செய்தால் கொஞ்சம் கை கடிக்கும். ஆனாலும் மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள் என்பேன். தைரொயிட் கூடுவதற்குக் காரணம் ஒன்றல்ல. எங்கள் இருவருக்கும் இருப்பது கிரேவ்ஸ். எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தட்டித் தட்டி வேலை வாங்குகிற நோய் இது. பெண்களுக்கு அதிகம், குடும்பத்திலும் ஓடும். வயதானவர்களுக்கு வருவது பலநேரம் வேறு. கழலைக்குள், அதாவது பெருத்த தைரொயிட்டுக்குள், இருக்கிற கட்டிகள் யாருடைய சொல்லும் கேளாமல் தாங்களாகவே சுரக்கும். இதைக் குளிசை அடக்கிவைக்கும், ஆனால் மாற்றாது. ஒன்றரை வருடம் குடித்துவிட்டு நிறுத்திப் பார்ப்போம் என்ற கணக்கு இங்கே சரிவராது. அப்புறம் சுரப்பியின் அழற்சி. பிள்ளை பெற்று சில மாதத்தில் சிலருக்கு இப்படி வரும். புதிதாக ஒன்றும் சுரப்பதில்லை, சேர்த்து வைத்த ஹோர்மோன் ஒழுகுகிறது, அவ்வளவுதான். களஞ்சியத்தில் நெல் கொட்டுண்ணும்போது வயலில் விதைப்பை நிறுத்தி என்ன பயன்? இவர்களுக்குச் சுரப்பைத் தடுக்கிற கார்பிமசோல் குளிசை வேலை செய்யாது. சில கிழமையில் தானாக அடங்கி, பெரும்பாலும் மறுபக்கமாகக் குறையத் தொடங்கும்.

ஆகவே கீழே வருவது கிரேவ்ஸ்காரருக்கு. மூன்று வழியும் புதிதில்லை. கழலை ஒப்பரேஷனைப் பத்திரமாக்கிய சுவிஸ் டொக்டர் கோக்கருக்கு 1909இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கதிர் அயடீனை முதலில் ஒரு நோயாளிக்குக் கொடுத்தது 1941இல், பொஸ்டனில். கார்பிமசோல் குடும்பத்து மருந்துகள் 1943இல் வந்தன. இத்தனை வருடத்தில் ஒன்று மற்ற இரண்டையும் தள்ளிவிடவில்லை. மருமகளின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லாததற்கும் அதுதான் காரணம்.

குளிசை

இங்கே கிளினிக்கில் தருவது கார்பிமசோல். 5 மில்லிகிராமிலும் 20 மில்லிகிராமிலும் வரும். ரிப்போட்டைப் பொறுத்து நாளுக்கு 15இல் இருந்து 40 வரை தொடங்கி, படிப்படியாகக் குறைத்து 5, 10க்குக் கொண்டுவருவார்கள். அளவைக் கூட்டி வைத்துக்கொண்டு, கூடவே தைரொயிட் ஹோர்மோன் குளிசையான தைரொக்சினும் கொடுக்கிற இன்னொரு முறை இருக்கிறது. எனக்குச் செய்தது முதல் முறை. எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது: குளிசை குறைய, பக்கவிளைவும் குறையும்.

இன்று குடித்து நாளை சுகம் வராது. குளிசை புதிதாகச் சுரப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சேர்ந்திருப்பது தீரவேண்டும். இரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறையவே ஒரு கிழமை ஆகும். ஆகவே வித்தியாசம் தெரிய மூன்று நாலு கிழமை பிடிக்கும். அதுவரை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் புரொப்பிரனோலோல் தருவார்கள். ஆஸ்த்மா இருந்தால் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு அது ஆகாது.

குளிசையின் நல்ல பக்கம்: சுரப்பி இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஒன்றும் மீளமுடியாதபடி நடக்காது, அரசாங்க கிளினிக்கில் இலவசம். கெட்ட பக்கம்: பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் ஒழுங்காகக் குடித்து நிறுத்தினாலும் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குத் திரும்ப வரும். கழலை பெரிதாக இருந்தால், புகைப்பிடித்தால், நிறுத்தும்போதும் ட்ராப் கூடவே இருந்தால் வருகிற வாய்ப்பு இன்னும் அதிகம். திரும்புகிறவர்களில் பலருக்கு முதல் வருடத்துக்குள்ளேயே திரும்பிவிடும். நான் 2022 கடைசியில் நிறுத்தினேன். ஏழு மாதம் நல்லாயிருந்தேன். ஆடியில் மீண்டும் எழுத்து ஆடத் தொடங்கியது.

இரத்தம் எடுக்காமல் குடிக்கிற குளிசை

இதைத்தான் நான் மருமகளுக்கு அதிகநேரம் விளங்கப்படுத்தினேன். குளிசையைத் தெரிவு செய்வதென்றால் ஊசியையும் சேர்த்துத்தான் தெரிவு செய்கிறோம். தொடங்கி நாலு முதல் ஆறு கிழமையில் முதல் பரிசோதனை. அளவு நிலைக்கும் வரை அதே இடைவெளியில். நிலைத்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. நிறுத்தின பிறகும் விடக்கூடாது, முதல் வருடத்தில்தான் கண் வைத்திருக்கவேண்டும். அதற்கு உங்களுக்குப் பஸ் இருக்கிறதா, லீவு கிடைக்குமா, கூட வர ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் வைத்தியத்தின் பகுதி. களுவாஞ்சிக்குடியில் இருக்கிற ஆளுக்கு ஆதார வைத்தியசாலை பக்கத்தில். படுவான்கரையில் உள்ளே இருக்கிற ஆளுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

என்ன பரிசோதனை என்பதில்தான் நான் மாட்டினேன். 2021 வைகாசி, கொரோனாப் பயணத்தடை. கிளினிக் போக வழியில்லை. கிட்ட இருந்த ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். டிஎஸ்எச் மட்டும் எழுதினார்கள். அது வந்தது 0.02. "இன்னும் கூடத்தான் இருக்கு" என்று சொல்லி 15ஐ 40 ஆக்கினார்கள். நானும் ஆமென்று குடித்தேன். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ கூடினேன், குரல் கரகரத்தது, பத்து மணிப் பாடத்தில் கதிரையிலேயே கண்ணயர்ந்தேன். கிளினிக் திறந்து போய்ப் பார்த்தால் டிஎஸ்எச் 38. அதாவது நான் மறுகரைக்குப் போயிருந்தேன். அந்த இரண்டு மாதத்தில்தான் என் கழலையும் பெருத்தது, கண்ணும் கொஞ்சம் முன்னுக்கு வந்தது.

நடந்தது என்னவென்று பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். டிஎஸ்எச் என்பது மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்புகிற கட்டளை. மாதக்கணக்காக ஹோர்மோன் கூடிக்கிடந்ததால் அது கட்டளை அனுப்புவதையே விட்டுவிட்டது. டி4 சாதாரணமான பிறகும் அது விழித்தெழப் பல கிழமை ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும். ஆகவே முதல் சில மாதம் குளிசையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது ஃப்ரீ டி4. தேவையென்றால் மற்றத் தைரொயிட் ஹோர்மோனான டி3யும் பார்ப்பார்கள், ஏனென்றால் சிலருக்கு டி4 இறங்கியபிறகும் டி3 மட்டும் கூடியிருக்கும். துண்டில் டிஎஸ்எச் மட்டும் எழுதியிருந்தால் "டி4ம் வேணும்தானே டொக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. கேட்காமல் இருந்ததற்கு நான் இரண்டு மாதம் கொடுத்தேன்.

இன்னொரு பயம் அலகு. ஒரு முறை போதனா வைத்தியசாலையில் பரிசோதனைக்கான இரசாயனம் முடிந்துபோய் வெளியில் செய்யச் சொன்னார்கள். முந்தின ரிப்போட்டில் ஃப்ரீ டி4 1.5, புதியதில் 19.3. பதறிப்போனேன். இரண்டும் ஒன்றுதான். ஒரு லேப் நனோகிராமில் போடுகிறது, மற்றது பிக்கோமோலில். முதலாவதை 12.87ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். இலக்கத்தைத் தனியாகப் பார்க்காமல், பக்கத்தில் அச்சடித்திருக்கிற சாதாரண அளவோடு சேர்த்துப் பாருங்கள். முடிந்தவரை ஒரே லேப்பில் செய்யுங்கள். வெறும் வயிற்றோடு போகவேண்டியதில்லை. எத்தனையோ பேர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் விடியற்காலை வந்து வரிசையில் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கமா, தனியாரா என்று கேட்டால் நான் இரண்டையும் கலந்தே போகிறேன். குளிசையும் கொப்பியும் கிளினிக்கில். பரிசோதனை அங்கே இல்லாத மாதம் மட்டும் வெளியில். சனல் பண்ணி ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பது முடிவெடுக்கவேண்டிய நேரத்தில் மட்டும், அப்போதும் கொப்பியைக் கையோடு கொண்டு போகிறேன். கொப்பி இல்லாமல் மூன்று இடம் மாறி மாறிப் போவதைப்போல ஆபத்து வேறில்லை.

அப்புறம் காய்ச்சல். கார்பிமசோல் குடிக்கிறவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று அடியோடு விழும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அறிகுறி: காய்ச்சல், தொண்டை நோ, வாயில் புண். அது வந்தால் குளிசையை அந்த நேரமே நிறுத்திவிட்டு, அன்றைக்கே இரத்த அணுக்களை எண்ணுகிற எஃப்பிசி பரிசோதனை எடுக்கவேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்பது இல்லை. மாதாமாதம் எஃப்பிசி எடுத்துக்கொண்டிருப்பதில் பெரிதாகப் பயனில்லை, ஏனென்றால் விழுவது ஓரிரு நாளில். தொடங்கமுதல் ஒன்று எடுத்து வைத்தால் ஒப்பிட உதவும். எங்கள் ஊரில் இதில் ஒரு சிக்கல். மாரி தொடங்கினால் டெங்கு. டெங்கிலும் வெள்ளை அணு இறங்கும். ஓபிடியில் வரிசையில் நிற்கும்போதே "நான் கார்பிமசோல் குடிக்கிறன்" என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எல்லாம் டெங்குக் கணக்கில் போய்விடும். குளிசையை ஒரு காலம் நிறுத்தி மீண்டும் தொடங்கினால் இந்த மூன்று மாதக் கவனமும் மீண்டும் தொடங்கும். சாதாரண அரிப்பு, தடிப்பு வேறு கதை. அதை அலர்ஜிக் குளிசையோடு சமாளிக்கலாம்.

மற்றக் குளிசை பிடியூ. அது கர்ப்பத்தின் முதல் மாதங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அரிதாக ஈரலைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் மற்றவர்களுக்கு முதல் தெரிவாகக் கொடுப்பதில்லை. நாளுக்கு இரண்டு மூன்று தடவையும் குடிக்கவேண்டும். என்னோடு படிப்பிக்கிற காத்தான்குடி டீச்சருக்கு நோன்பு மாதத்தில் கார்பிமசோல் ஒரு சிரமமும் தரவில்லை. ஒரே நேரக் குளிசை, நோன்பு திறந்தபிறகு குடித்துவிடுவார்.

'மீன் சாப்பிடலாமா, உப்பை நிறுத்தவா?' என்று கேட்காத ஆளில்லை. இலங்கையில் 1995இல் இருந்து உப்பில் அயடீன் சேர்க்கவேண்டும் என்பது சட்டம். குளிசை குடிக்கிறவர்கள் அந்த அளவுக்குப் பயப்படவேண்டியதில்லை. வாவி மீனையும் விடவேண்டாம். தவிர்க்கவேண்டியது அயடீன் மாத்திரைகளையும் கடற்பாசிக் குளிசைகளையும். சிடி ஸ்கான் எடுக்கப்போனால் ஊசியில் ஏற்றுகிற மருந்திலும் அயடீன் இருக்கிறது என்பதால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

கண்டிப் பயணம்

கதிர் அயடீன், அயடீன் 131, வில்லையாகவோ தண்ணியாகவோ வாயால் குடிப்பது. ஒரு தடவை. அயடீன் உடம்பில் எங்கே இருந்தாலும் தைரொயிட் அதை இழுத்துக்கொள்ளும், இழுத்த கதிரால் தானே அடங்கும். கத்தி இல்லை, தழும்பு இல்லை. ஓரிரு மாதத்தில் வேலை தெரியத் தொடங்கும், முழுதாக ஆறு மாதம் எடுக்கலாம். அதுவரை குளிசையும் பரிசோதனையும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை போதாமல் இரண்டாவது தடவை கொடுப்பதும் உண்டு.

எங்களைக் கண்டிப் பக்கமோ கொழும்புப் பக்கமோதான் அனுப்புவார்கள். மகியங்கனை 18 வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டு போவதை விடுவோம், திரும்பி வருவதுதான் யோசிக்க வேண்டியது. குடித்த பிறகு சில நாட்களுக்கு, சிலருக்கு இரண்டு மூன்று கிழமைக்கு, கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிட்ட நெடுநேரம் இருக்கக்கூடாது, தனியாகப் படுக்கவேண்டும். நெரிசல் பஸ்ஸில் ஆறு ஏழு மணித்தியாலம் யார் பக்கத்தில் உட்கார்ந்து வருவது? வீட்டில் தனி அறை இருக்கிறதா, பேரப்பிள்ளையை யார் தூக்குவது? எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, அங்கே எழுதித் தருவார்கள். போகும்போதே திரும்பும் வழியை ஒழுங்குபடுத்திக்கொண்டு போங்கள்.

கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் இது அறவே கூடாது. பிறகு ஆறு மாதமாவது கர்ப்பம் தள்ளிப்போடவேண்டும். கிரேவ்ஸோடு வருகிற கண் வருத்தம் இருப்பவர்களுக்கு, அதுவும் புகைப்பிடிப்பவர்களுக்கு, கண்ணை மோசமாக்கலாம். எனக்கு இது சரிவராமல் போனது கண்ணால்தான். கட்டிகளால் வருகிற வகைக்காரருக்கும், அறுபது தாண்டி இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறவர்களுக்கும் நான் பார்த்தவரை இதுதான் நல்ல வழி. அந்த வயதில் கழுத்தை வெட்டவேண்டியதில்லை.

ஒப்பரேஷன்

மூன்றில் வேகமானது. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் அன்றோடு சுரப்பது நின்றுவிடும். கழலை பெருத்து மூச்சையோ விழுங்குவதையோ நெருக்கினால், அதற்குள் சந்தேகமான கட்டி இருந்தால், கேள்வியே இல்லை, இதுதான். மட்டக்களப்பிலேயே செய்கிறார்கள். ஆனால் தைரொயிட் கூடியபடி யாரும் மேசையில் படுக்கமுடியாது. முதலில் குளிசையால் அளவைச் சாதாரணத்துக்குக் கொண்டுவரவேண்டும், கடைசிப் பத்து நாள் அயடீன் துளியும் தருவார்கள். குளிசை பிடிக்காமல் ஒப்பரேஷனுக்கு ஓடுகிறேன் என்றாலும் முதலில் குளிசைதான்.

பயம் இரண்டு. குரல் நாணுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அனுபவமுள்ள கையில் நிரந்தரமாகப் பாதிப்பது நூற்றுக்கு ஒன்று அளவில். எனக்குத் தொழிலே குரல் என்பதால் அந்த ஒன்று பெரிதாகத் தெரிந்தது. மற்றது, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற நாலு சிறு சுரப்பிகள் அடிபட்டால் கல்சியம் இறங்கும். விரலும் உதடும் விறைக்கும். பெரும்பாலும் சில கிழமையில் சரிவரும், சிலருக்கு நிலைத்துவிடும். சத்திரசிகிச்சை நிபுணரிடம் இந்த ஒப்பரேஷனை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பேயில்லை.

அயடீனோ ஒப்பரேஷனோ, முடிவில் பெரும்பாலும் போய்ச்சேருவது தைரொக்சினில், ஆயுள் முழுக்க. இதைச் சொன்னவுடன் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஆறுதலாக யோசித்தால் அந்தக் குளிசை கார்பிமசோலைவிடச் சாது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் கணக்கில் தொடங்கி, ஒருதரம் நிலைத்துவிட்டால் வருடத்துக்கு ஒரு டிஎஸ்எச் போதும். டெங்குக் காலத்தில் பயமில்லை. ஒரே தொல்லை, வெறும் வயிற்றில் குடித்து அரைமணி ஒரு மணி பொறுத்துத்தான் தேத்தண்ணி. கல்சியம், இரும்புக் குளிசைகளை நாலு மணித்தியாலம் தள்ளி வைக்கவேண்டும். எங்கள் சனம் எழும்பின கையோடு பால் தேத்தண்ணி கேட்கிற சனம், அதற்கு இது ஒரு தவம்தான்.

நான் எடுத்த முடிவு, மருமகளின் முடிவு

எனக்கு இப்போது 44. இனிப் பிள்ளையில்லை. கண் கொஞ்சம் பாதித்திருக்கிறது, தொழிலுக்குக் குரல் வேண்டும், கிளினிக் பதினைந்து நிமிடத்தில். திரும்ப வந்தபிறகு கார்பிமசோலைக் குறைந்த அளவில், நாளுக்கு 5 மில்லிகிராம், வருடக்கணக்கில் தொடர்வது என்று டொக்டரும் நானும் முடிவெடுத்தோம். இதுவும் இப்போது ஏற்றுக்கொள்கிற வழிதான். கிரேவ்ஸ் திரும்பினால் கட்டாயம் சுரப்பியை அழிக்கவேண்டும் என்றில்லை.

அவளுடைய கணக்கு முழுக்க வேறு. ஆவணியில் கல்யாணம் என்றால் அடுத்த ஆவணிக்குள் பிள்ளை என்று இரண்டு வீட்டிலும் எதிர்பார்ப்பார்கள். கார்பிமசோல் முதல் மூன்று மாதக் கருவுக்கு ஆகாது. தலைத்தோல், மூக்குப் பாதை போன்றவற்றில் குறையோடு பிறக்கிற வாய்ப்பைக் கூட்டும். பிடியூவுக்கு மாறலாம், அதில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லையென்று சொல்லமுடியாது. கவனிக்காமல் விட்ட தைரொயிட் தாய்க்கும் பிள்ளைக்கும் இதைவிட மோசம் என்பதால் குளிசையைத் தானாக நிறுத்தவும் கூடாது. நாள் தள்ளினால் அன்றைக்கே பரிசோதித்து, உறுதியானால் அப்போதே டொக்டரைக் கூப்பிடவேண்டும். அயடீன் என்றால் ஆறு மாதத் தாமதம். போதாததற்கு அயடீனுக்குப் பிறகு ட்ராப் சில காலம் கூடும். அந்தப் பிறபொருளெதிரி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகும். ஆகவே விரைவில் பிள்ளை வேண்டும், ட்ராப்பும் கூட என்றால் ஒப்பரேஷன் செய்து, தைரொக்சினில் அளவை நிலைப்படுத்திவிட்டு கர்ப்பம் தரிப்பது சுத்தமான வழி. அப்போதும் கர்ப்பத்தில் ட்ராப் பார்க்கவேண்டும். சுரப்பி போனாலும் அது இரத்தத்தில் இருக்கலாம்.

அண்ணி வேறு ஒரு கவலையில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா? ஒப்பரேஷனைக் கல்யாணத்துக்கு முதலே தனியாரில் முடித்தால் கழுத்தில் தழும்பு தெரியுமே, சீதன வீட்டுக் கூரைக்கு வைத்த காசும் போகுமே என்று. நான் ஒளிக்காமல் சொன்னேன்: "சொல்லுங்க அண்ணி. நாள் தள்ளினா அண்டைக்கே டொக்டரிட்டப் போகவேண்டிய பிள்ளை, குளிசையை அலுமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சுக் குடிக்க ஏலுமா?" கடைசியில் அவளே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அவருடைய தாய்க்கும் கழலை ஒப்பரேஷன் நடந்திருக்கிறதாம்.

அவள் இப்போதைக்கு எடுத்தது: 20 மில்லிகிராம் கார்பிமசோல், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட ஒரு நல்ல முறை, அந்த வருட முடிவில் ட்ராப். இறங்கியிருந்தால் நிறுத்திப் பார்ப்பது, இறங்காவிட்டால் மட்டக்களப்பிலேயே ஒப்பரேஷன். எனக்குக் கேட்டால் அவள் நேரே ஒப்பரேஷனுக்குப் போயிருக்கலாம். ஆனால் கழுத்து அவளுடையது.

போன செவ்வாய்க்கிழமை அவளுடைய ஐந்தாம் கிழமை ரிப்போட் வந்தது. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டு உடனே கோல் எடுத்தாள்.

"மாமி, டிஎஸ்எச் இன்னும் 0.01தான் கிடக்கு. குளிசை பிடிக்கல்லப்போல. இன்னும் ஒண்டு கூட்டிக் குடிக்கவா?"

"டிஎஸ்எச்ச விடு மகள். அதுக்கு மேல் வரி என்ன சொல்லுது, வாசி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். "ஃப்ரீ டி4... பதினாறு தசம் எட்டு."

"பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"பன்னிரண்டுல இருந்து இருபத்திரண்டு."

"கூட்டாத. கொப்பியக் கொண்டு வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போ, அனேகமாக் குறைப்பாங்க."